பன்னிரண்டாம் நாள் கஞ்சி

ஐந்து மணிக்குக் கார் வரும் என்று அனுப்பிரியா சொல்லிவிட்டாள். நாலு வயதுப் பிள்ளையையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு படப்பையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். எப்போது திரும்புவாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சத்யநாராயணன் மணியைப் பார்த்தார். பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம்.

"ஆறு மணி நேரம் கீது சார்," என்றாள் ஜெரூஷா, இரும்புலியூர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்தபடி. "ஜி.எஸ்.டி. ரோட்டுல நிக்கற நேரத்தக் கழிச்சா மூணு."

சத்யநாராயணன் தபால் துறையில் முப்பத்தோரு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். தொலைந்துபோன பார்சல்களைத் தேடியே தலை நரைத்தது. ஓய்வு பெற்றதும் சேலையூர் வீட்டின் முன்னறையில் 'துப்பறியும் அலுவலகம்' என்று பலகை மாட்டினார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் பேசுகிற குரல் உதவியாள் ஜெரூஷாவுடையது மட்டும்தான். அதுவும் மாலை ஆறு மணி வரைக்கும். கூரியர் கம்பெனியில் வேலை பார்த்தவள் அவள். பார்சலைத் தொலைக்கிற பக்கத்திலிருந்து தேடுகிற பக்கத்துக்குக் கட்சி மாறியவள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள்.

கூடத்தில் அனுப்பிரியாவின் மாமனார் ராஜகோபால் நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. வேட்டியில் ஒரு கசங்கல் இல்லை. இன்று வீடுகளாக நிற்கும் நாலு தெரு, ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் வேர்க்கடலைக் கொல்லை.

"சார், எங்க வூட்டு சோத்துல வெஷம்னு இந்த ஊர்ல நாலு பேர் பேசக்கூடாது," என்றார். "வெளியாளு யாரோ பிள்ளைக்கு எதையோ குடுத்திருக்காங்க. அது யாருன்னு கண்டுபிடிங்க. வூட்டு ஆளுங்க மேல தப்பு இல்லன்னு எழுத்துல குடுங்க."

"தப்பு இருந்தா?"

"இருக்காது."

ஜெரூஷா குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல முணுமுணுத்தாள். "பரீட்ச எழுதறதுக்கு முன்னாடியே மார்க் போட்டுட்டாரு சார்."

விஷயம் இதுதான். பேரன் குமரவேல், கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சுமப்பவன், வேலு என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒன்றரை வயதில் கடலை மிட்டாய்த் துணுக்கு ஒன்று வாயில் பட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனபோது தெரிய வந்தது. அன்றிலிருந்து அவன் வாய்க்குள் போகிற ஒவ்வொரு பருக்கையும் அம்மாவின் கையிலிருந்துதான் போகிறது. அப்படியிருந்தும் ஜூலை மாதத்தில் மூன்று தரம் அவனுக்கு அதே கோளாறு. ஆறாம் தேதி உதடு வீங்கியது. பதினெட்டாம் தேதி முகமெல்லாம் தடிப்பு. முப்பதாம் தேதி மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டுத்தான் பிள்ளையை மீட்டார்கள். நாலாவது தரம் எப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமாக இருந்தது. இன்று ஆகஸ்ட் மூன்று.

கீழ்த்தளத்துச் சமையற்கட்டில் கங்கம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாக அந்த வீட்டுச் சமையல் அவளுடையது.

"எம்மேலயா சந்தேகம்? நல்லா கேளுங்க," என்றாள், கீரையை விடாமல். "அந்தப் புள்ளைக்காவ இந்த அடுப்பங்கரையில வேர்க்கடலை வாங்கி ரெண்டர வருஷம் ஆவுது. எண்ணெய மாத்தியாச்சு. சட்னி மாத்தியாச்சு. எம்புருஷன் பீச்சுக்குப் போனா சுண்டலோட நிறுத்திக்கினு வரான், கடலை துண்றதில்ல. இன்னும் இன்னா பண்ணணும்?"

"மாடிக்குப் போவீங்களா?" என்றார் சத்யநாராயணன்.

"அனும்மா உடாது. படிக்கட்டுல நின்னு கொரல் குடுப்பேன். அது வந்து வாங்கிக்கும். தனிக் கட்டு, தனிப் பாத்திரம், தனித் தட்டு. பண்டிகைக்கிக்கூட கீழ வந்து குந்தி துண்ணாது. நானும் பாத்துகினு கீறேன், அது தனியா துண்ணுட்டு தனியா கழுவுது." கீரையிலிருந்து கண் எடுக்காமலே சேர்த்துக்கொண்டாள். "பெரியவரு ஒரு தடவ கோவத்துல சொன்னாரு, எங்க கொல்லையில வெளஞ்சத துண்ணு வளந்த வம்சத்துக்கு அது எப்டி ஆவாம போவும்னு. அது மாடி வரைக்கும் கேட்டுடுச்சு. அன்னிலேர்ந்து மாமனாருக்கும் மருமவளுக்கும் நடுவுல பேச்சு நாலு வார்த்தைதான்."

மாடியில் பழைய பால்கனியை அடைத்துச் சின்னச் சமையலறை ஆக்கியிருந்தார்கள். ஒற்றை அடுப்பு. இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். சுவரில் ஒரு காலண்டரும் கணவன் சிவகுமாரின் படமும். அவன் மஸ்கட்டில் இருக்கிறான். தரையில் வேலு ஒரு பொம்மை லாரியில் கொத்தமல்லித் தண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

சத்யநாராயணனுக்கு அந்த இரண்டு தட்டுகளைப் பார்த்ததும் தன் வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது. அங்கே ஆறு தட்டுகள் இருக்கின்றன. ஐந்தின் மேல் தூசி.

"யாரச் சந்தேகப்படறீங்கம்மா?" என்றார்.

அனுப்பிரியா தோசைக்கல்லைத் துடைத்து மாட்டினாள். "முப்பதாம் தேதி மாமா மட்டும்தான் அவனத் தூக்கினாரு. மொட்டை மாடிக்கு ட்ரெயின் காட்டக் கூட்டிட்டுப் போனாரு. அவருக்கு இந்த அலர்ஜிலயே நம்பிக்க இல்ல சார். கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்னு யாராவது சொல்லியிருப்பாங்க." துணியை உதறி மடித்தாள். "நான் அவர மரியாத இல்லாம பேசல. ஆனா யார நம்பறதுன்னு தெரியாத வீட்ல பிள்ளைய வச்சிட்டு எப்படி இருக்கறது?"

"பிள்ளை சாப்பிடறத எழுதி வப்பீங்களா?"

அவள் ஒரு நீளமான நோட்டை எடுத்துக் கொடுத்தாள். இப்படி ஒரு நோட்டைத் தபால் துறையில்கூட அவர் பார்த்ததில்லை. தேதி, மணி, என்ன சாப்பிட்டான், எங்கே வாங்கியது, எந்தப் பாத்திரத்தில் வெந்தது. பண்டம் பண்டமாக, இரண்டரை வருடம்.

"டாக்டரும் பாத்தாரு, நானும் பாத்தேன்," என்றாள் அனுப்பிரியா. "அந்த மூணு நாள்லயும் புதுசா எதுவுமே குடுக்கல. காலைல கேழ்வரகுக் கஞ்சி. அது ரெண்டு வருஷமா குடிக்கறான். அதே டப்பா மாவு முந்தின நாளும் குடிச்சான், ஒண்ணும் ஆகல. மத்தியானம் சாதம், பருப்பு, பூசணி."

ஜெரூஷா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஆறு, பதினெட்டு, முப்பது. கரெக்டா பன்னெண்டு பன்னெண்டு நாளு. இன்னா சார் இது, குத்தவாளி காலண்டர் மாட்டிக்கினு வேல செய்றானா?"

சத்யநாராயணன் பக்கத்தைத் திருப்பினார். எல்லாரும் அந்த மூன்று நாட்களைப் பார்த்திருந்தார்கள். அவர் அவற்றுக்கு அடுத்த நாட்களைப் பார்த்தார்.

ஜூலை ஏழு: 'புது கேழ்வரகு டப்பா.' பத்தொன்பது: 'புது கேழ்வரகு டப்பா.' முப்பத்தொன்று: அதே வரி.

"அப்படீன்னா அந்த மூணு நாளும் டப்பா தீர்ந்த நாள்," என்றார் மெதுவாக. "அடி மாவுல காய்ச்சின கஞ்சி."

அனுப்பிரியா நோட்டின் மேல் குனிந்தாள்.

"அதுக்கு முன்னாடியும் டப்பா தீர்ந்திருக்கே சார்," என்றாள் ஜெரூஷா. "ரெண்டு வருஷமா தீர்ந்துகினுதான் கீது. அப்பல்லாம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?"

நல்ல கேள்வி. பார்சல் எங்கே தொலைந்தது என்று தேடுவது வீண்; கடைசியாக எங்கே கை மாறியது என்று தேட வேண்டும். சத்யநாராயணன் தொழிலில் கற்றது அது ஒன்றுதான். அவர் பழைய பக்கங்களுக்குப் போனார். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு குறிப்பு இருந்தது. 'மில் – டோக்கன் 1.' 'மில் – டோக்கன் 1.' எங்கே பார்த்தாலும் ஒன்றாம் டோக்கன். ஜூன் கடைசியில் அது நின்றுபோயிருந்தது. அதன் பிறகு நாலு டப்பாவுக்கும் ஒரே வார்த்தை.

'மாமா.'

"மில்லுக்கு நீங்கதானே போயிட்டு இருந்தீங்க?"

"ஆமா சார். கடை மாவு பாக்கெட்ல கடலை கலந்திருக்கலாம்னு போட்டிருக்கு. அதனால கேழ்வரகு வாங்கி, கழுவிக் காய வச்சு, காலைல மில்லு திறக்கறப்பவே போய் மொத ஆளா நிப்பேன். ஒரு கை தானியத்த ஓடவிட்டு அந்த மாவக் கொட்டிடச் சொல்வேன். அப்புறம் நம்மளது. யாரோ மாமாகிட்ட சொல்லிட்டாங்க, உங்க வீட்டு மருமக மில்லு வாசல்ல டப்பாவோட நிக்கறான்னு. அன்னைக்கே சொல்லிட்டாரு, இனிமே நீ போக வேணாம், நானே அரைச்சுட்டு வரேன்னு."

"வந்த மாவ ஆற வைக்கறப்ப பேப்பர்ல பரப்புவீங்களா?"

"மாட்டேன். மேல எதாவது பறந்து விழும். டப்பாவோட மூடியத் திறந்து ஒரு துணி கட்டி ஆறவிடுவேன். மேலேர்ந்து கரண்டி கரண்டியா எடுப்பேன்."

அவளுடைய அந்த ஜாக்கிரதைதான், டப்பாவின் அடியில் விழுந்தது மேலே வராமல் பதினொரு நாள் காப்பாற்றியது என்று அவருக்குப் புரிந்தது. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

"இப்ப இருக்கற டப்பா எங்க?"

அவள் கட்டி வைத்திருந்த பையைத் திறந்தாள். படப்பைக்குப் போகிற துணிகளின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது அந்த எவர்சில்வர் டப்பா. நாலாவது டப்பா. முக்கால்வாசி மாவு இன்னும் பாக்கி.

"தாய் வூட்டுக்குப் போனாலும் கூடவே வந்திருக்கும்," என்றாள் ஜெரூஷா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் போன சம்பந்தத்தின் மாவு மில் முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு படலம்: சுவிட்சு, சாமி படம், சம்பந்தத்தின் புருவம். தரையில் தூக்குகளும் டப்பாக்களும் பிளாஸ்டிக் வாளிகளும் ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு அட்டை டோக்கன்.

"இந்த வரிசைய யார் போடறது?" என்றார் சத்யநாராயணன், மெஷின் பட்டை ஓடுகிற சத்தத்துக்கு மேலே.

"நாந்தான் சார். மொதல்ல கேவுரு, அப்பால அரிசி, அப்பால கோதும. ஒம்போதரலேர்ந்து பதினோரு மணி வரைக்கும் சத்துமாவு, கடை ஆர்டரு. அது முடிஞ்சா மில்லத் தொறந்து தட்டித் தொடச்சிட்டுதான் மறுபடியும் அரிசி. நம்ம மில்லுல மாவு மாறிச்சின்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"சத்துமாவுல இன்னாண்ணா போடுவாங்க?" என்றாள் ஜெரூஷா.

"கம்பு, சோளம், பொட்டுக்கடலை, பாதாம், முந்திரி. பாதிக்குப் பாதி வேர்க்கடலை. அதான வெல கம்மி."

"ராஜகோபால் ஐயா எத்தன மணிக்கு வருவாரு?" என்றார் சத்யநாராயணன்.

"பெரியவரா? கோயிலுக்குப் போய்ட்டு பத்து மணிக்கு வருவாரு."

"அவருக்கு எத்தனையாவது டோக்கன்?"

சம்பந்தம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். யாரோ அவன் அப்பாவைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டது போல முகம் மாறிற்று.

"இன்னா சார் கேக்கறீங்க? இந்த எடமே அவங்க குடுத்த எடம். அவருக்குப் போயி டோக்கனா? அவுரு டப்பாவ நான் தரையிலயே வச்சதில்ல. வாசல்ல கால வச்சதும் ஓடறத நிறுத்திருவேன். சத்துமாவு பாதியில நிக்கட்டும், எவன் கேக்கறது? அவர நிக்க வைக்காம அஞ்சே நிமிஷத்துல அரைச்சி கையில குடுத்துருவேன்."

"மொத ஒரு கைய ஓடவிட்டுக் கொட்டுவீங்களா?"

"அந்த அனும்மா கொட்டச் சொல்லும். பெரியவரு வூட்டு தானியத்த அவுரு கண்ணு முன்னாடியே குப்பையில கொட்டறதா? அது மரியாதையா சார்? ஒரு பொட்டு சிந்தாம வழிச்சிப் போட்டுத்தான் குடுப்பேன்."

"அந்த வீட்டுப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. சம்பந்தத்தின் கை எழுந்து, சுவிட்சைத் தேடி, அணைத்தது. அந்த அமைதியில் அவன் குரல் சின்னதாகக் கேட்டது.

"யாரும் சொல்லலியே சார். அது எதுக்குன்னு அந்த அம்மாவும் சொல்லல, பெரியவரும் சொல்லல. சத்தியமா சொல்லல."

ஜெரூஷா ஒரு செய்தித்தாளை விரித்து டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கேழ்வரகின் மங்கிய பழுப்பு நிறம் குவியலாக நின்றது. அதன் உச்சியில், அதாவது டப்பாவின் அடியில் இருந்த இடத்தில், வெளுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு திட்டு. அவள் மூக்கை அருகே கொண்டுபோனாள்.

"கடல மிட்டாய் வாசன சார்," என்றாள். "மில்லுல மிச்சம் கெடந்தது மொதல்ல உழுந்து அடியில தங்கிடுச்சு."

மாலை நாலரை மணிக்கு ராஜகோபால் அதே நாற்காலியில், அதே நேர் முதுகோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"பிள்ளைக்கு ஒண்ணு ஆகாதுங்கறத மில்லுக்காரன்கிட்ட நான் எப்படி சொல்றது?" என்றார் கடைசியில். "ராஜகோபால் பேரனுக்குக் கொறைன்னு சந்துல பேசுவானுங்க."

"அதனால சொல்லல."

"சொல்லல."

சுவரில் அவர் அப்பாவின் படமும் அதற்கு முந்தையவரின் படமும் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "மில்லுக்காரன் தப்புன்னு எழுதிக் குடுங்க சார். அது பொய்யும் இல்ல."

சத்யநாராயணன் தன் வாழ்நாளில் அறிக்கை எழுதப் பேனாவை எடுக்கத் தயங்கியதில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"எழுதறேன். நாளைக்கு யார் அரைச்சுட்டு வருவாங்க?"

"வேற மில்லு பாத்துக்கறேன்."

"தாம்பரம் சுத்துவட்டாரத்துல எந்த மில்லுல உங்கள வரிசைல நிக்க வைப்பாங்க?"

ராஜகோபால் வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு மில்லுக்காரன சந்தேகப்படலைங்க," என்றார் சத்யநாராயணன், கொஞ்சம் தணிந்து. "உங்களத்தான் சந்தேகப்படறா. வேணும்னே குடுக்கறீங்கன்னு ஒரு மாசமா நினைச்சுக்கிட்டு அந்த மாடியில தனியா ஒரு அடுப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என் காகிதம் அத மாத்தாது."

வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். மாடியில் பைகளை இழுக்கும் ஓசை. ராஜகோபால் எழுந்தார். எழும்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் எழுந்தபோது பிடிக்கவில்லை என்பதைச் சத்யநாராயணன் கவனித்தார்.

"நீங்களும் வாங்க சார்," என்றார் ராஜகோபால். "நான் பாதியில நிறுத்திட்டா மீதிய நீங்க சொல்லுங்க."

மாடிப்படி ஏறி அந்தச் சின்னச் சமையலறையின் வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. அனுப்பிரியா பிள்ளைக்குச் சாதத்தில் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். வழியில் பசிக்கும் என்று போகும் முன் ஊட்டிவிடப் பார்த்தாள் போலும். மாமனாரைக் கண்டதும் எழுந்தாள்.

"கேவுரு மாவுல கடல கலந்திருக்கு," என்றார் ராஜகோபால். "நான்தான் கொண்டாந்தேன். எனக்கு முன்னாடி அங்க என்ன ஓடிச்சின்னு நான் பாக்கல. பிள்ளைக்கு ஆகாதுன்னு அவன்கிட்ட சொல்லவும் இல்ல. சொல்ல வெக்கமா இருந்திச்சு." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "மூணு தரமும் என் கையாலதாம்மா."

பாதியில் நிறுத்தவில்லை. மீதி சொல்லச் சத்யநாராயணனுக்கு எதுவும் இருக்கவில்லை.

அனுப்பிரியா பிசைந்த தட்டைத் தரையில் வைத்தாள். கீழே மறுபடியும் ஹாரன்.

"தெரிஞ்சு குடுக்கறீங்கன்னு நெனச்சேன் மாமா," என்றாள். "ராத்திரி அவருகிட்ட போன்ல அழுதுகூட சொல்ல முடியல. உங்கப்பாதான்னு எப்படி சொல்றது?"

ராஜகோபால் தலையசைத்தார். கேட்டதை ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

"கார அனுப்பிடட்டுமா அக்கா?" என்றாள் ஜெரூஷா படிக்கட்டிலிருந்து.

"நிக்கட்டும்," என்றாள் அனுப்பிரியா. தட்டைப் பார்த்தாள். பிறகு வாசலைத் தாண்டாமல் நின்ற அந்தக் கால்களைப் பார்த்தாள். "ஊட்டறீங்களா?"

அவர் திடுக்கிட்டார்.

"ஊட்டறதா இருந்தா உள்ள வாங்க. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவணும். மோதிரத்தக் கழட்டணும், அதுக்கு அடியில எதாவது ஒட்டிக்கும்."

வலது கையில் கெட்டியான பழைய பவுன் மோதிரம். அவர் அப்பா போட்டுவிட்டது. போட்ட நாளிலிருந்து கழற்றியதில்லை. விரல் அதைச் சுற்றி வளர்ந்திருந்தது. குழாயடியில் நுரையில் திருகினார், வரவில்லை. மறுபடி திருகினார். மூட்டில் தோல் வழன்று சிவந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் அவரும் கையை நீட்டியிருக்கமாட்டார். கடைசியில் அது கழன்று வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, துடைத்த கையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, யாருடைய விரலோ போலத் தெரிந்தது.

ஒரு வாய் சாதத்தை எடுத்து நீட்டினார்.

வேலு வாயைத் திறக்கவில்லை. தாத்தாவின் கையைப் பார்த்தான். பிறகு கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான்.

"சாப்பிடலாமா?" என்றான்.

அவள் தலையசைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.